விலக்கு ரேகை

மார்ச் 4

மதிப்பிற்குரிய கைரேகை நிபுணர் அவர்களுக்கு,

உங்கள் கைப்பேசி எண்ணை நான் அழித்து இரண்டேகால் வருடம் ஆகிறது. மனப்பாடமாகத் தெரியும் என்பது வேறு விஷயம். ஆனாலும் பேசப் பிடிக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

இலவசச் சட்ட உதவியில் இப்போது ஒரு புது வக்கீலம்மா வந்திருக்கிறார். பழையவரைப் போல நாற்காலியில் தூங்குகிறவர் இல்லை. என் கணவரின் வழக்குக் கட்டு முழுவதையும் படித்துவிட்டு, உங்களுடைய ஒன்றரைப் பக்க அறிக்கையை மட்டும் தனியே உருவி என் முன்னால் வைத்தார். இதிலுள்ள சொல் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று தெரிந்தால்தான் மேல்முறையீட்டில் பிடித்துத் தொங்க ஏதாவது கிடைக்கும் என்றார். "உங்க அக்காதானே, கேட்டுப் பாருங்களேன்" என்றும் சொன்னார். உறவு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தீர்ப்பிலேயே இருக்கிறதே. 'குற்றவாளியின் மனைவிக்கு உடன்பிறந்தவராக இருந்தும், உறவுக்கு இடம் கொடாமல் சாட்சியம் அளித்த நிபுணரின் நேர்மை இம்மன்றத்தின் ஐயத்தைப் போக்கியது.' இந்த வரியை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஒரு பெரியவர் வீட்டில் பட்டப்பகலில் யாரோ புகுந்தான். அவரைத் தள்ளிவிட்டு இடுப்பை உடைத்து, நகையை எடுத்துக்கொண்டு போனான். பின்னறை ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் ஒரே ஒரு விரல் பதிவு. அது என் கணவருடையது என்று நீங்கள் சொன்னீர்கள். அந்த வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை என்று அவர் சொன்னார். நீங்கள் படித்தவர், அவர் கண்ணாடி அறுப்பவர். ஏழு வருடம் போட்டார்கள்.

மறை ரேகை, பகுதி ரேகை, ஒப்புப் புள்ளி ஒன்பது, சரிபார்க்கப்பட்டது, ஒத்தது. இவ்வளவுதான் எங்களுக்குப் புரியாதவை. பதில் எழுத நேரமிருந்தால் எழுதவும். அவர் வேலை பார்த்த கண்ணாடிக் கடையிலேயே அவர் இடத்தில் நான் வேலைக்குப் போகிறேன். கடை முகவரிக்கே எழுதலாம். மகளுக்கு எட்டு வயது ஆகிவிட்டது.

இப்படிக்கு,
வழக்கு எண் பார்த்தால் தெரியும்.


மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

'அவர்களுக்கு' என்ற உன் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, இருக்கட்டும். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

மறை ரேகை என்பது கண்ணுக்குத் தெரியாத பதிவு. விரலில் உள்ள வியர்வையும் எண்ணெயும் தொட்ட இடத்தில் தங்கிவிடும். மெல்லிய பொடியைத் தூரிகையால் தடவினால் கோடுகள் எழும்பி வரும். அதைப் படம் எடுத்து வைப்போம்.

பகுதி ரேகை என்றால் விரல் முழுவதும் விழாமல் ஒரு துண்டு மட்டும் விழுந்தது. இங்கே கிடைத்தது நடுவிரல் நுனியின் மேல்பாதி.

விரல் நுனிக் கோடுகள் வில், வளையம், சுழி என்று மூன்று வகை. உன் கணவருக்குச் சுழி. சுழி எத்தனையோ பேருக்கு இருக்கும், அதை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. ஒரு கோடு எங்கே நின்றுவிடுகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது, எங்கே வெறும் புள்ளியாக நிற்கிறது என்று பார்ப்போம். இவைதான் ஒப்புப் புள்ளிகள். இரண்டு பதிவுகளிலும் ஒன்பது புள்ளிகள் அதே இடத்தில், அதே வரிசையில் இருந்தன. மாறுபட்டது எதுவும் இல்லை.

முடிவு மூன்றே வகை. ஒத்தது, ஒவ்வாதது, முடிவு சொல்ல இயலாது. நான் எழுதியது முதலாவது. என் எதிர்மேசைக்காரர் திரும்பப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அதுதான் சரிபார்ப்பு. அவர் எட்டுப் புள்ளிதான் தெளிவு என்றார், இருந்தாலும் ஒத்தது என்றே சொன்னார். அது உன் கணவரின் விரல்தான். இதில் நான் பொய் சொல்லவில்லை, தப்பும் செய்யவில்லை. எத்தனை முறை பார்த்தாலும் இதையேதான் எழுதுவேன்.

ஒன்று மட்டும் வக்கீலம்மாவிடம் சொல். ரேகை யாருடையது என்று சொல்லும். எப்போது விழுந்தது என்று சொல்லாது. நீதிமன்றத்தில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததைச் சாட்சி தானாகச் சொல்லக்கூடாது என்பது எங்கள் பழக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். அலுவலகம், வீடு, அலுவலகம். எதுவும் உறைப்பதில்லை. போன வாரம் கொதிக்கிற பாத்திரத்தை வெறும் கையால் இறக்கி வைத்துவிட்டு, விரலில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

'அவர்களுக்கு' போட்டுக் கோபத்தைக் காட்ட முடியவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். நீ என்றே எழுதுகிறேன்.

ஐந்து சொல்லுக்குப் பொருள் சொன்னாய். ஆறாவதை நீயாகவே விட்டுவிட்டாய். அதை நான் சொல்கிறேன். விலக்கு ரேகை.

உங்கள் அலுவலகத்தில் நாலு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டபோது, "நம்ம மாப்பிள்ளையையே வரச் சொல்லு, சுத்தமா வேலை செய்வார்" என்று நீதான் சொன்னாய். அவர் போனார். அங்கே வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் விரல் பதிவு எடுப்பது வழக்கம் என்று சொல்லி, அவருடைய பத்து விரலையும் நீயே பிடித்து மையில் உருட்டினாய். ஏன் என்று கேட்டதற்கு, இவர் கை தவறுதலாக ஏதாவது தடயத்தில் பட்டிருந்தால் இது நம் ஆள் என்று விலக்கி வைப்பதற்காம். அதற்குப் பெயர் விலக்கு ரேகை என்று நீதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாய். அன்று வீட்டுக்கு வந்து கறுத்த விரல்களை என் முகத்துக்கு நேரே ஆட்டி, "இனிமே நான் தப்பே பண்ண முடியாது, உங்க அக்கா பிடிச்சு வச்சுட்டாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

விலக்குவதற்காக எடுத்ததை வைத்துத்தானே அவரைப் பிடித்தீர்கள்? அவர் வேறு எதற்கும் எங்கேயும் விரல் வைத்தவர் இல்லை. வேலியே பயிரை மேய்ந்தது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வேலிக்கு நாமே கம்பு நட்டுக் கொடுத்தோம்.

இதற்குப் பதில் சொல். அந்த ரேகையின் படத்தையும் அனுப்பு. வக்கீலம்மாவிடம் இருப்பது நகலின் நகல், ஒன்றும் தெரியவில்லை. என்னத்துக்கு என்று கேட்காதே. இரண்டரை வருடமாக அவரை ஒரு கம்பிக்கு அப்பால்தான் பார்க்கிறேன். என் குடும்பத்தைத் தூக்கி விழுங்கியது எது என்று பார்க்க வேண்டும்.


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கைக்கு,

நீ சொன்னது உண்மை. விலக்கு ரேகைகள் தனி அலமாரியில் தனிக் கட்டாக இருக்க வேண்டும். நாங்கள் கணினிக்கு மாறியபோது, பழைய பதிவுகளை ஏற்றியவர்கள் எல்லாக் கட்டையும் ஒன்றாக ஏற்றிவிட்டார்கள். பெயர் இல்லாமல் எண் மட்டும் இருக்கும். அந்த வீட்டு ரேகையைக் கணினியில் தேடவிட்டபோது ஒரு எண் வந்தது. யார் என்று தெரியாமலே உட்கார்ந்து ஒப்பிட்டேன். முடிவெழுதிய பிறகு, பதிவேட்டில் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அவர் பெயர் இருந்தது.

எதிர்மேசைக்காரர் சரிபார்த்த மறுநாள் தலைமை நிபுணரிடம் போய்ச் சொன்னேன். இவர் என் தங்கை வீட்டுக்காரர், இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கையெழுத்துப் போட்டாச்சு, சரிபார்த்தாச்சு. இப்ப கை மாத்தினா ஏன்னு கேப்பாங்க. கண்டதைச் சொல்லிட்டு வாங்க" என்றார். கண்டதைச் சொல்லிவிட்டு வந்தேன். இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ கதவைத் திறக்கவில்லை, நானும் இரண்டாவது முறை தட்டவில்லை.

வழக்கில் சான்றாக வைத்த படத்தின் நல்ல பிரதி ஒன்று இதனுடன் இருக்கிறது. வக்கீலம்மா மனு போட்டால் முழுக் கோப்பும் கிடைக்கும். படத்தைப் பார்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை. எனக்கு அதில் ஒவ்வொரு கோடும் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

படத்தைக் கடைக்குக் கொண்டுபோய், கண்ணாடி அறுக்கும் மேசையில் வைத்து நாலு நாள் பார்த்தேன். முதல் இரண்டு நாள் அழுகை வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு சந்தேகம் வந்தது.

விரல் என்றால் உருண்டைதானே? மேலே உருண்டையாகத்தான் இருக்கிறது. கீழே மட்டும் ஏன் அடிக்கோல் வைத்து அறுத்தது மாதிரி நேராக இருக்கிறது? நீ வெட்டியதா, அங்கேயே அப்படி இருந்ததா?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். உனக்கு ரேகை தெரியும், ஜன்னல் தெரியாது. மரச்சட்டத்தில் கண்ணாடியை உட்காரவைத்த பிறகு, அது விழாமலிருக்க நாலு ஓரத்திலும் மெல்லிய மரப்பட்டை வைத்து ஆணி அடிப்போம். ஓரத்தில் ஒரு விரற்கடை அளவு கண்ணாடி அந்தப் பட்டைக்கு அடியில் போய்விடும், யார் கண்ணுக்கும் தெரியாது. உன் அறிக்கையில் 'ஜன்னலின் கீழ் ஓரம்' என்றிருக்கிறது. அப்படியானால் அந்த நேர்கோடு மரப்பட்டையின் விளிம்பாக இருக்கலாம், இல்லையா?

கடையிலேயே ஒன்று செய்து பார்த்தேன். பட்டை அடித்த ஜன்னல் ஒன்றில், பட்டையை ஒட்டி விரலை எவ்வளவு அழுத்தினாலும் மூலைக்குள் போகவில்லை. விரல் உருண்டை, மூலை கூர்மை. பட்டைக்கும் என் ரேகைக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விழுந்தது. பத்து விரலிலும் செய்தேன், முதலாளி விரலிலும் செய்தேன். அவர் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார். எல்லாவற்றிலும் இடைவெளி விழுந்தது. நீ அனுப்பிய படத்தில் கோடுகள் இடைவெளியே இல்லாமல் ஓடிப்போய் அந்த விளிம்பில் முட்டுகின்றன.

இன்னொன்றும் செய்தேன். வெறும் கண்ணாடியை நாங்கள் தூக்குகிறபடி தூக்கினேன். அடி ஓரத்தில் கை கொடுத்து, கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற நாலு விரலும் மறுபக்கம். பிறகு அதைச் சட்டத்தில் வைத்துப் பட்டை அடித்தேன். நடுவிரல்தான் எல்லாவற்றிலும் நீளம். அதன் நுனி மட்டும் பட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தது. நேராக அறுத்த மாதிரி.

வீட்டுக்காரர்கள் துடைக்கவில்லையா என்று கேட்பாய். ஜன்னல் துடைக்கிற துணி ஓரத்துக்குப் போகவே போகாது. எந்த வீட்டிலும் போகாது. நாங்கள் அறுக்கும்போது கட்டரை எண்ணெயில் தோய்ப்போம், கையெல்லாம் எண்ணெய். லேசில் போகிற கறையா அது?

அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை அக்கா. கண்ணாடி போயிருக்கிறது. எங்கள் கடைக் கண்ணாடியை எத்தனையோ தச்சர்கள் வாங்கிப் போகிறார்கள். எது எந்த வீட்டுக்குப் போனது என்று யாருக்குத் தெரியும் என்று நான் கேட்டபோது முதலாளி கைவிரித்துவிட்டார்.

அந்தக் கோடு என்ன கோடு? அதை மட்டும் எழுது.


மே 3

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. மூலப் படத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக் கணக்கெடுப்பு நடப்பதால் பழைய கோப்புகளை எடுக்கத் தாமதமாகிறது. கொஞ்சம் பொறு. உடம்பைப் பார்த்துக்கொள். மகளைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மே 9

அக்கா,

மகளிடம் சொன்னேன். எந்தப் பெரியம்மா என்று கேட்டாள்.

நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாதவள். கோப்பு எடுக்கத் தாமதம் என்று எழுதியிருக்கிறாய். படத்தில் ஒவ்வொரு கோடும் தெரியும் என்று ஒரு மாதம் முன்னால் எழுதியவளும் நீதான்.

அந்தக் கோடும் தெரியுமா?


மே 21

தங்கைக்கு,

தெரியும்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இனிச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். நாங்கள் ஒரு ரேகையைப் பார்க்க ஆரம்பிக்கும்போது, ஒப்பிடுவதற்கு முன்னால், கிடைத்த பதிவை மட்டும் தனியாக ஆராய்ந்து குறிப்பேட்டில் எழுத வேண்டும். எந்தப் பொருளில், எந்தத் திசையில், எவ்வளவு அழுத்தத்தில், எங்கே ஏன் அறுபடுகிறது என்றெல்லாம். முதல் நாளே எழுதினேன். 'கீழ்விளிம்பு நேர்கோடு. இடைவெளி இல்லை. பார்க்க வேண்டும்.' இதே சொற்கள். குறிப்பேடு இப்போது என் முன்னால் இருக்கிறது.

பார்ப்பதற்குள் பெயர் தெரிந்துவிட்டது.

பெயர் தெரியாத ஒருவனாக இருந்திருந்தால் மறுநாளே அந்த வீட்டுக்குப் போயிருப்பேன். சட்டத்தைத் தடவிப் பார்த்திருப்பேன், தச்சனைக் கேட்டிருப்பேன். அவர் உன் கணவர் என்பதால் போகவில்லை. போனால், தங்கை வீட்டுக்காரனைக் காப்பாற்ற ஓட்டை தேடுகிறாள் என்று அலுவலகமே சொல்லும். யாரும் சொல்லவில்லை, ஆனால் சொல்வது என் காதில் கேட்டது. ரேகைகள் மட்டும் தெரியும்படி படத்தை அந்த விளிம்போடு வெட்டினேன். அப்படி வெட்டுவது வழக்கம்தான், யாரும் தப்பு சொல்ல முடியாது. பகுதி ரேகை என்று எழுதினேன். அதுவும் தப்பில்லை. எதிர்மேசைக்காரருக்குப் போனதும் வெட்டிய படம்தான். நான் எழுதிய எந்தச் சொல்லிலும் பிழை கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூட கொஞ்சம் கை நடுங்கி மறைப்பார்கள். எனக்கு நடுங்கவில்லை.

தீர்ப்பில் நீதிபதி என் நேர்மையைப் பற்றி எழுதியதை எல்லாரும் படித்துப் பாராட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அதை நினைத்தால்தான் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

நீ ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் வைத்துக் கண்டுபிடித்ததை நான் முதல் நாளே கண்டேன். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா


ஜூன் 2

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்து, அறுக்க வேண்டிய ஆறு கண்ணாடியையும் அறுத்தேன். ஒன்றுகூட உடையவில்லை. சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தேன். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தேன். நான் கத்துவேன் என்று நானே நினைத்தேன். எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வக்கீலம்மாவிடம் கடிதத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் இது என் கையால் நடந்ததாகிவிடும். உன் கையால் நடக்க வேண்டும். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நீயே போய்ச் சொல். முழுப் படத்தையும் வை. அந்தப் பட்டையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி நீயே கேள். அந்தப் பெரியவர் வீட்டை இடித்துக் கட்டப் போவதாக முதலாளி கேள்விப்பட்டாராம். இந்த மாதமா, அடுத்த மாதமா தெரியாது.

வேலை போகும் என்று எனக்கும் தெரியும். எனக்கு அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

இந்த மாத முடிவுக்குள் நீ போகவில்லையென்றால், ஜூலை முதல் தேதி காலையில் கடிதம் வக்கீலம்மா மேசையில் இருக்கும். மிரட்டுகிறேன் என்று வைத்துக்கொள்.


ஜூலை 18

தங்கைக்கு,

வக்கீலம்மா சொல்லியிருப்பார். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டியது என்று எழுதுகிறேன்.

ஜூன் ஒன்பதாம் தேதி போனேன். தலைமை நிபுணர் குறிப்பேட்டைப் படித்துவிட்டு, "இந்த ஒரு வரிய நீங்க எழுதாமலே இருந்திருக்கலாம்" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். அன்று மாலையே என்னைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் கொடுத்தேன். விலக்கு ரேகைகள் கலந்ததையும் சேர்த்தே எழுதிக் கொடுத்தேன்.

நேற்று அந்த வீட்டைத் திறந்தார்கள். வேறு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்திருந்தார்கள். நான் எதையும் தொடக்கூடாது, பேசக்கூடாது, பார்க்கலாம் என்றார்கள். வக்கீலம்மா என் பக்கத்தில் நின்றார். வீட்டில் பாதிச் சாமான்கள் மூட்டை கட்டியிருந்தன. அடுத்த வாரம் இடிக்கப் போகிறார்களாம். பெரியவர் போன வருடமே இறந்துவிட்டார். அவர் மருமகள் அறை வாசலில் நின்று, "அப்ப அவரைத் தள்ளினவன் யாரு?" என்று கேட்டாள். 

ஒரு தச்சர் வந்து கீழ்ப்பட்டையின் ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார். பட்டை கழன்று வந்தது. உள்ளே கண்ணாடி மட்டும் புதிது மாதிரி சுத்தமாக இருந்தது. அந்த நிபுணர் பொடியைத் தொட்டுத் தூரிகையை ஒரே ஒரு முறை இழுத்தார்.

நான்கு விரல்கள், அடுத்தடுத்து. ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு விரல்கள். கண்ணாடியின் அடியிலிருந்து மேல்நோக்கி, நீ தூக்கிப் பார்த்தாயே அதே மாதிரி. நடுவிரலின் மேல்பாதி பழைய படத்தில் இருந்தது, கீழ்ப்பாதி அங்கே இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தபோது சுழி முழுசாகியது. மறுபக்கத்துப் பட்டையைக் கழற்றினார்கள். கட்டைவிரல் இருந்தது. பட்டை அடிப்பதற்கு முன்னால், ஜன்னலாவதற்கு முன்னால், அவர் அதைக் கடையில் வைத்துத் தூக்கியிருக்கிறார். வேறு வழியே இல்லை என்று அந்த நிபுணர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை சரிபார்த்தவர் முதல் ஆளின் குறிப்பைப் பார்க்காமல், தனி அறையில் உட்கார்ந்து சரிபார்த்தார்.

சுவரில் சாய்ந்துகொண்டு நின்றேன். இத்தனை வருடம் பார்த்த ரேகைகளில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் பார்த்ததில்லை. எனக்கு அழ வேண்டும் போல இருந்தது, முகம் ஒத்துழைக்கவில்லை. வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார்.

அவர் வெளியே வந்த பிறகு ஒரு நாள் வரலாமா? உன் வீட்டுக்கு. இல்லாவிட்டால் கடைக்கு. நீ சொல்கிற இடத்துக்கு. அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று இன்னும் தெரியவில்லை.

அக்கா


நவம்பர் 26

அக்கா,

அவர் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. எழுத நேரமில்லை என்று சொல்ல மாட்டேன். நேரம் இருந்தது.

வெளியே விடுகிற அன்று காலை எட்டு மணிக்கே வாசலில் போய் நின்றேன். பதினொன்றரைக்குத்தான் வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று பிறகு காவலர் ஒருவர் சொன்னார். போகிறவன் அதே ஆள்தானா என்று பார்க்க, பதிவேட்டில் விரல் வைக்கச் சொல்வார்களாம். இவர் வைக்கவில்லையாம். கையெழுத்துப் போடுகிறேன், பத்துக் கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன், விரல் வேண்டாம் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாராம். விரல் வைக்காமல் வெளியே விட முடியாது என்று அவர்களும் நின்றார்கள். கடைசியில் வைத்துவிட்டுத்தான் வந்தார். என்னைப் பார்த்ததும், கையைக் கழுவ எங்கே தண்ணீர் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்.

மகள் முதல் இரண்டு நாள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். முதலாளி வேலைக்குக் கூப்பிட்டார். போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார். கண்ணாடியை நான்தான் அறுக்கிறேன்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்தேன். மே மாதத்துக் கடிதத்தையும் கொடுத்தேன். ஒளிக்கவில்லை. ஒரு நாள் முழுக்கப் படித்தார். அவர் அதிகம் பேசுகிறதில்லை இப்போது. படித்து முடித்து, மடித்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அக்கா பயந்துட்டாங்க. பயம் யாருக்குத்தான் இல்ல? வரச் சொல்லு" என்றார்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவர் உன்னை வரச் சொல்கிறார். அது அவருடைய பதில், அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

நீ வராதே.

அவருக்குத் தப்பு செய்தவள் ஒரு நிபுணர். நிபுணரை அவர் மன்னித்துவிட்டார். தன் தங்கை புருஷன் குற்றவாளி இல்லையோ என்று முதல் நாளே சந்தேகப்பட்டு, அதற்குப் பிறகு இரண்டேமுக்கால் வருடம் சாப்பிட்டுத் தூங்கியவள் எனக்கு அக்கா. அவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெறுத்துப் பார்த்தேன், வரவில்லை. உன்னை நினைத்தால் அறுத்து வைத்த கண்ணாடியைத் தொடுகிற மாதிரி வெறுமனே சில்லென்று இருக்கிறது, அவ்வளவுதான்.

எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுது. பழைய மாதிரி கடைக்கே எழுது. நான் பிரித்துப் படிக்கிற நாள் வந்தால், பதில் போடுகிறேன்.